கதவில்லாத பெரிய கடை

சண்டை முடிந்து வீதித்தடைகளைக் கழற்றிய பிறகும் எங்கள் ஊர்களில் ஒரு கேள்வி நின்ற இடத்திலேயே நின்றது: இது என்னத்துக்கு? பெயர் கேட்டால் இது என்னத்துக்கு. விலாசம் கேட்டால் இது என்னத்துக்கு. குற்றம் சொல்ல முடியாது. சுனாமியில் கடல் வந்துபோன பின் எத்தனை பேர் எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டு போனார்கள். அந்தத் தாள்கள் போன திசை தெரியாது. தோளில் துவக்கோடு வந்தவர்களும் பட்டியல்தான் கேட்டார்கள்.

அந்த நாட்களில் நான் கல்முனையில் ஒரு சின்ன அறையில் இருந்து கடைகளுக்கு இணையத்தளம் செய்துகொண்டிருந்தேன். கவிதை எழுதுகிறவனுக்கு ஒத்துவந்த வேலை. குறைந்த சொல், நிறைய வெளி.

கல்முனைக்குடியில் பேர்பெற்ற ஒரு புடவைக்கடைக் குடும்பத்து மூத்தவர் வந்தார். மூன்று ஊரில் மூன்று கிளை, அண்ணன் தம்பி மூவருக்கும் ஒவ்வொன்று. கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற ஆட்கள் அங்கிருந்தே மனைவிக்குச் சீலை பார்த்து எடுக்க வேண்டும் என்றார். நான் ஒரு படிவத்தை நீட்டினேன்: கிளை, விலாசம், தொலைபேசி, திறக்கும் நேரம்.

"திறக்கிற நேரம் என்னத்துக்கு தம்பி?"

"வாற ஆக்களுக்குத் தெரியத்தானே காக்கா." அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"அப்ப பூட்டுற நேரமும் தெரிஞ்சிருமே. ஆராருக்கெல்லாம்?"

நான் ஒரு தாளில் மரம் மாதிரி வரைந்து காட்டினேன். மேலே பெரிய கடை, கீழே மூன்று கிளை. ஒவ்வொரு கிளைக்கும் தனிப் பக்கம், தனி விலாசம், தனி நம்பர். நிந்தவூர்க்காரன் தேடினால் நிந்தவூர்ப் பக்கத்துக்கு நேரே போக வேண்டும். மற்ற ஊர்களுக்குள் சுற்றக் கூடாது. அவர் அந்தத் தாளை, யாரோ தன் காணியை அளந்து வைத்த படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"தனி நம்பர் வேணாம். எல்லாத்துக்கும் என்ட நம்பரைப் போடு. மேல, பெரிய கடை எண்டு பழைய விலாசத்தை எழுது."

பழைய விலாசம் கடற்கரையில் இருந்தது. அங்கே கடை இல்லை. கடல் எடுத்துக்கொண்டது; பிறகு கரையோடு ஒட்டிய அந்தத் துண்டில் எதுவும் கட்டக் கூடாதென்றும் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் போய்ப் பார்த்தேன். அத்திவாரம், இரண்டு படிகள், மூடாத ஒரு கிணறு. இல்லாத கடைக்கு ஏன் விலாசம்? நட்ட ஈடு ஏதும் இன்னும் வர இருக்கிறதா? என் கையால் ஒரு பொய்யை எழுத வைக்கிறாரா? திரும்பி வரும் வழியெல்லாம் அவரைச் சந்தேகித்தேன்.

அடுத்த கிழமை தம்பிமாரில் இளையவர் வந்தார், ஒலுவில் கிளைக்காரர். கதிரையில் உட்காரவில்லை.

"காக்கா என்ன சொன்னாரு?"

சொன்னேன்.

"நினைச்சேன். வெளிநாட்டு ஓடர் எல்லாம் அவர்ட போனுக்குப் போகும். ஒலுவில்ல நான் ஈ ஓட்டுவேன். என்ட நம்பர் இல்லாட்டி இன்னும் ஆறு மாசத்தில என்ட கடையைப் பூட்டலாம். அவருக்கும் அதுதான் வேணுமோ தெரியா."

மூத்தவருக்கு இருந்த பயம் வேறு. தனி நம்பர் கொடுத்தால் தம்பி தனியாகப் போய்விடுவான். எங்கள் பக்கத்தில் ஆண்தான் கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போகிறான். வீடும் வளவும் பெண்ணின் பெயரில். இந்தக் கிளைகளும் அப்படி முளைத்தவைதான். மூத்தவர் சாய்ந்தமருதில் முடித்தார், நடுவிலார் நிந்தவூரில், இளையவர் ஒலுவிலில்; மூன்று மனைவிமாரின் வீட்டு முன்பக்கத்தில் மூன்று கடைகள். ஒரே பெயர்ப்பலகை, மூன்று மாமனார்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் பிழை விட்டேன். பொய் எழுத மனமில்லாமல், சாய்ந்தமருதுக் கடைதானே பெரிது என்று அதையே மேலே தூக்கி வைத்தேன். மூத்தவர் சந்தோசப்படுவார் என்றும் நினைத்தேன். நடுவிலார் வரவில்லை; அவர்கள் இரண்டு பேரும் எடுக்கிற முடிவுதான் தனக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். இருவரையும் வரச் சொல்லித் திரையைக் காட்டினேன்.

இளையவர் ஒரு சிரிப்புச் சிரித்தார். "மதினிட ஊடுதான் இனி நம்மட பெரிய கடையா காக்கா?"

மூத்தவரின் முகம் கறுத்தது. கோபம் தம்பியின் மேல் அல்ல, என் மேல்.

"ஆரு ஒனக்கு இப்பிடிப் போடச் சொன்ன? அந்த ஊடு என்ட பொஞ்சாதிட. இவன்ட ஊடு இவன்ட பொஞ்சாதிட. எந்த ஊட்ட மேல போட்டாலும் மத்த ரெண்டு பேரும் கூலிக்காரன்தான். வாப்பாட அந்த மண்ணு ஒண்டுதான் மூணு பேருக்கும் பொது. அதுக்குத்தானே அந்த விலாசத்தை எழுதச் சொன்ன."

வழியெல்லாம் நான் சந்தேகித்த விலாசம் அவர்களுடைய தகப்பனின் கடை நின்ற மண். மேலே தூக்கி வைத்திருந்த சாய்ந்தமருதைத் திரையில் கீழே இறக்கினேன்.

இளையவர்தான் முதலில் பேசினார். "சரி. வாப்பாட கடைக்கு என்னத்துக்கு ஒங்கட போன்?"

மூத்தவர் தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் திரும்ப வைத்தார். கடைசியில், "அதுக்குப் போன் வேணாம். ஒவ்வொருத்தன்ட கடைக்கு ஒவ்வொருத்தன்ட போனைப் போடு" என்றார்.

மேலே பழைய விலாசத்தை வைத்து, அதன் கீழ், 'கடலோடு போனது, இப்போது இந்த மூன்று இடங்களில்' என்று ஒரு வரி எழுதினேன். கிளைகளை பஸ் போகிற ஒழுங்கில் வைத்தேன்: சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில். "கடைசியில நிக்கிறது நான்" என்றார் இளையவர். "அக்கரைப்பற்றில இருந்து வாறவனுக்கு நீதான்டா முதல்" என்றார் மூத்தவர்.

பிறகு பாஸ்வேர்ட். மூத்தவர் தனக்கு மட்டும் வேண்டும் என்றார், இளையவர் தனக்கும் என்றார். முன்பாதியை ஒருவர் அடிக்க மற்றவர் சுவரைப் பார்த்தார். பின்பாதிக்கு முன்னவர் சுவரைப் பார்த்தார். இரண்டு தடவையும் நானும் சுவரைப் பார்த்தேன். இனி ஒரு எழுத்தை மாற்றுவதானாலும் இருவரும் சேர்ந்துதான் வர வேண்டும்.

சில கிழமை கழித்து இளையவர் அழைத்தார். குரலைத் தாழ்த்தியிருந்தார்.

"கட்டார்ல இருந்து கோல் ஒண்டு. மூணு சீலை கேக்கிறான். காக்கா ஆளை வெச்சி என்னைச் சோதிச்சுப் பார்க்கிறாரோ?"

"சீலையை அனுப்பிப் பாருங்களன்."

மருதமுனையில் ஒரு வீட்டுக்கு அனுப்பினார். கட்டார்க்காரனின் மனைவி எடுத்துக்கொண்டாள். பிறகு தங்கைக்கும் கேட்டாள்.

மறுநாள் பின்னேரம் மூத்தவர் என் அறைக்கு வந்தார்.

"ஒலுவிலுக்குக் கோல் வருதாமே. எனக்கு ஒண்டும் வரல்ல. என்ட நம்பரைச் சரியாத்தான் போட்டயா?"

திரையை அவர் பக்கம் திருப்பினேன். சாய்ந்தமருதுப் பக்கத்தில் இருந்த நம்பரை ஒவ்வொன்றாக வாசித்து, அவர் கண்முன்னே என் போனில் அழுத்தினேன். அவருடைய சட்டைப் பையில் மணி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார்.

"ஹலோ," என்றார், என் முகத்தையே பார்த்துக்கொண்டு. "ஆரு கதைக்கிற?"