பல்செட் படை

என் அக்காவுக்குத் தொழில் பல் கட்டுவது. யார் வாயிலும் நேரடியாகக் கை வைக்க மாட்டாள். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு லேபில் உட்கார்ந்து, மெழுகில் பல் நட்டு, பல்செட் செய்து தருவாள். அவற்றை வேனில் ஏற்றிக் கிளினிக் கிளினிக்காகக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. வெள்ளை என்று ஒரு நிறமே உலகத்தில் கிடையாது என்பாள். அவள் மேஜையில் பதினாறு வகை வெள்ளை வரிசையாக இருக்கும்.

மிச்ச நேரத்தில் அவள் படைத்தளபதி. சுண்டுவிரல் உயரப் பொம்மை வீரர்களைக் கட்டில் அகல மேஜையில் நிறுத்தி, டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி மோதும் விளையாட்டு. நாற்பத்திரண்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். பதிலுக்கு ஓர் ஈட்டிக்காரனை எடுத்துப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். கத்துவதற்குத் திறந்திருந்த அவன் வாயில் பல் இருந்தது. மேல் வரிசையில் ஆறு, எண்ணிவிடலாம். அன்றோடு நான் கேள்வி கேட்பதை விட்டேன்.

ஆறு மாதத்தில் ஐந்து போட்டிகள். ஐந்தின் புள்ளிகளையும் கூட்டி, முதல் எட்டுப் பேரை இறுதிப் போட்டிக்கு அனுப்புவார்கள். அக்கா நான்கு வருடமாக மோதிப் பார்க்கிறாள், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. போன வருடம் ஒன்பதாவது. அன்று வீட்டுக்கு வந்து, அழுதது தெரியக்கூடாதென்று ஒரு மணி நேரம் பாத்திரம் தேய்த்தாள்.

இந்த வருடம் முதல் போட்டி டயர் கடைக்கு மேலே ஒரு ஹாலில் நடந்தது. எதிராளி ஒரு பிளம்பர். தாடி நெஞ்சு வரை. அக்காவின் குதிரைப்படை அவருடைய வில்லாளிகள் மேல் பாயவேண்டிய நேரத்தில், டேப்பை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"அரை இன்ச் பத்தாது மேடம்."

அந்த அரை இன்ச்சில் அக்கா தோற்றாள். வேனில் நான் கொதித்தேன். "மனுஷனா அவன்? அரை இன்ச்சுக்கு உயிரை எடுக்கிறான். மூஞ்சில ஒரு சிரிப்பு உண்டா? உடம்பெல்லாம் திமிரு!"

"திமிரும் இல்ல, ஒண்ணும் இல்லடா. மேல முன்பல்லு ரெண்டு கிடையாது. பேசுறப்பல்லாம் கை வாய்க்குப் போகுது, பார்க்கலியா நீ?"

நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் இரக்கப்பட்டிருக்க மாட்டேன். அவருக்கு 'அரை இன்ச்' என்று பெயர் வைத்து, அடுத்த மூன்று போட்டிகளிலும் தூரத்தில் இருந்தே முறைத்தேன்.

கடைசிப் போட்டிக்கு வரும்போது அரை இன்ச் எட்டாவது இடம், அக்கா ஒன்பதாவது. முதல் ஆட்டமே இருவருக்கும்தான். தோற்றவர் கதை அநேகமாக முடிந்தது.

அன்று காலைதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அக்காவிடம் சாம்பல் நிறப் பெட்டிகள் இரண்டு உண்டு. இரண்டையும் ஒரே கடையில் வாங்கி, ஒரே ஸ்பாஞ்சை வெட்டி உள்ளே வைத்திருந்தாள். ஒன்றில் படை, இன்னொன்றில் பல். போகிற வழியில் கிளினிக்கில் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டு, விசில் அடித்துக்கொண்டே அவளை ஹாலுக்குக் கொண்டுபோனேன்.

அக்கா பெட்டியைத் திறந்தாள். மஞ்சள் பிளாஸ்டர் தாடைகள் மேல், ரோஜா நிற மெழுகு ஈறில், ஏழு ஜோடிப் பல்வரிசை எங்களைப் பார்த்து இளித்தது.

அவள் பெட்டியை மூடி, மறுபடியும் திறந்து பார்த்தாள். டாக்டரும் அப்போதுதான் போன் செய்தார். "என்னப்பா, பெட்டியில ஈட்டியும் கத்தியுமா நிக்கிறானுங்க? பேஷண்ட் மூணு மணிக்கு வருவாங்க, அதுக்குள்ள பல்லு வரணும்."

போய்வர ஒன்றேகால் மணி நேரம். அரை மணிக்குள் படை மேஜையில் நிற்காவிட்டால் ஆட்டம் எதிராளிக்கு. நடுவர் வார நாட்களில் பஸ் ஓட்டும் அம்மாள், ஒரு நிமிடம் கூடப் பொறுக்காதவர். "மாற்றுப் பொம்மை வைக்கலாம். ஆனா எதிராளி சம்மதிக்கணும். அப்புறம், மூணு நிறம் இல்லாத எதுவும் மேஜை ஏறாது. அது சட்டம்."

நான் அரை இன்ச்சைப் பார்த்தேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினால் போதும், உட்கார்ந்த இடத்திலேயே இறுதிப் போட்டி. இந்த ஆளிடமா சம்மதம் கேட்பது?

அவர் பெட்டிக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு நடுவரிடம் சொன்னார்: "பல்லு வெள்ளை. ஈறு ரோஸ். அடியில மஞ்சள். மூணு ஆச்சு. அதையே மேஜைக்கு வரச் சொல்லுங்க, ஆடலாம். இல்லாத படையை ஜெயிச்சு நான் என்ன பண்ண?"

நான் வேனை விரட்டினேன். திரும்பி வந்தபோது ஆட்டம் பாதி தாண்டியிருந்தது. ஹாலில் பாதிப் பேர் அந்த மேஜையைச் சுற்றித்தான் நின்றார்கள். அழுக்குப் படாமல் பிளாஸ்டிக் உறை போட்ட மேல்தாடைகள் ஈட்டிப்படை, அதேபோல் உறை போட்ட கீழ்த்தாடைகள் குதிரைப்படை. எத்தனை வீரர் செத்தார்கள் என்று சொல்ல, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பகடை. நான் படைப்பெட்டியை நீட்டினேன்.

"சும்மா இருடா, இப்ப மாத்தாத," என்றாள் அக்கா. "யாரோ பெரியவரோட கீழ்த்தாடை, இடது பக்கம் பிரமாதமா சண்டை போடுது."

கடைசிச் சுற்று. அந்தக் கீழ்த்தாடை அவருடைய வில்லாளிகளை எட்டினால் அக்காவுக்கு வெற்றி, எட்டாவிட்டால் அவருக்கு. இரண்டு பகடையும் சேர்ந்து ஒன்பது விழுந்தது. ஒன்பது இன்ச் வரை பாயலாம். அக்கா அளக்கவில்லை. டேப்பை அவரிடமே கொடுத்தாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. திருடன் கையிலேயா சாவி?

அவர் மண்டி போட்டு, தாடியை ஒரு கையால் ஒதுக்கி, கண்ணை மேஜை விளிம்புக்குக் கொண்டுவந்தார். ஒரு தடவை அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"எட்டுது மேடம். நூல் அளவு மிச்சம் கூட இருக்கு."

சொல்லிவிட்டு, தன் வில்லாளிகள் நடுவில் இளித்துக்கொண்டு நின்ற அந்தப் பல்வரிசையைப் பார்த்தார். அடக்க முடியவில்லை அவரால். வாய்விட்டுச் சிரித்தார், கையை வாய்க்குக் கொண்டுபோகவே மறந்துவிட்டு. மேலே நடுவில் இரண்டு பல் இல்லைதான். டயர் கடை ஹாலில் அக்காவுக்கு எதிராக அவர் அளந்ததும் இதே நேர்மையோடுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

மூன்று மணிக்குள் பல்லைக் கிளினிக்கில் சேர்த்தேன். அன்றைய மற்ற இரண்டு ஆட்டங்களில் இருவரும் ஆளுக்கொன்று ஜெயித்து ஒன்று தோற்றார்கள். பட்டியலில் அக்கா எட்டாவது, அவர் ஒன்பதாவது. அக்கா பெயரைப் படித்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள். பிறகு நேரே அவரிடம் போனாள்.

"திங்கட்கிழமை கிளினிக்குக்கு வாங்க. டாக்டர் அச்சு எடுப்பாரு. மீதியை நான் பாத்துக்கிறேன்."

"எதுக்கு மேடம் அதெல்லாம்..."

"டீ நிறைய குடிப்பீங்கதானே? அந்த நிறத்துலயே வைக்கிறேன். யாருக்கும் தெரியாது."

இறுதிப் போட்டிக்கு எங்கள் வேனில் அரை இன்ச்சும் சேர்த்து மூன்று பேர் போனோம். கிளம்பும் முன் பெட்டியை மூன்று பேரும் தனித்தனியாகத் திறந்து பார்த்தோம். அக்கா எட்டுப் பேரில் ஐந்தாவதாக வந்தாள். அவளுடைய ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பக்கத்தில் நின்று, எதிராளியின் டேப்பை எட்டிப் பார்த்து, "அரை இன்ச் கூட வருது சார்" என்று அவர் குறுக்கே புகுந்துகொண்டே இருந்தார். பஸ் அம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் அதட்டினார்: "வேடிக்கை பாக்கிறவங்க வாயை மூடுங்க!"

மூட மாட்டேன் என்று அவர் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார்.