தில்லியில் ஒரு ராஜபாளையத்துக்காரி

எங்கள் நாயின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. நாயானாலும் வீட்டுப் பெண்பிள்ளை. ராஜபாளையத்துக்காரி என்று சொன்னால் போதும், அந்த ஊர் வேட்டை நாய் இனம். உடம்பு முழுக்க வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, தேன் நிறக் கண், ஒட்டிய வயிறு, நெடுநெடுவென்று கால்கள். மயூர் விஹாரில் எங்கள் சொசைட்டிக்காரர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படவே இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறினால் போதும், "ஆன்ட்டிஜி, ஸ்ட்ரீட் டாக் ஹை நா?" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். வயிறு ஒட்டிக் கிடக்கிறதே, சாப்பாடு போடுவதில்லையா என்று அடுத்த கேள்வி வரும்.

தெரு நாய்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் கேட்கிற தொனி இருக்கிறதே, அதற்குத்தான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பனிப்பிரதேசத்து ஹஸ்கி நாயை மே மாதத்து வெயிலில் ஏசிக்கு முன்னால் படுக்கப் போட்டு வளர்க்கிற ஒருவர், ராஜபாளையம் என்பது வெறும் ஊர்ப் பெயர்தானே என்றார். அல்சேஷன் என்பதும் ஊர்ப் பெயரிலிருந்து வந்ததுதான் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் படிக்கட்டில்தான் போனார்.

கணவரின் அக்கா மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போன இடத்தில் அவளைக் குட்டியாக வாங்கினோம். கொடுத்தவர் தோட்டம் வைத்திருப்பவர், தலைமுறையாக இந்த நாய்களை வளர்க்கிறவர். பரம்பரைச் சான்றிதழ் உண்டா என்று கேட்டதற்குச் சிரித்தார். "பேப்பர் என்னத்துக்குங்க? கண்ணப் பாருங்க, மூக்கப் பாருங்க. எல்லாம் அதுலயே எழுதியிருக்கு." எனக்கும் அது சரியாகவே பட்டது. ரயிலில் முதல் வகுப்பில் இருவர் மட்டும் இருக்கும் கூப்பே எடுத்து, தில்லி வரை அவளை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம்.

அவள் வளர்ந்து முழு நாயான பிறகு, ஒரே ஒரு ஈற்றுக் குட்டிகள் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. வியாபாரத்துக்கு இல்லை. இந்த இனம் இந்தப் பக்கம் அபூர்வம், நல்லதாக நாலு வீட்டில் இருக்கட்டுமே என்றுதான். முதல் பருவத்திலேயே ஒருவர் வந்து, தன் லேப்ரடாரோடு சேர்த்தால் "மஸ்த்" குட்டிகள் கிடைக்கும், பிரமாதமாக இருக்கும் என்றார். வாசலோடு அனுப்பிவைத்தேன். பிறகுதான் கோல் மார்க்கெட் பக்கம் அரசுக் குடியிருப்பில் இருக்கும் ஒரு திருநெல்வேலிக்காரரிடம் நாய்ச் சங்கத்தில் பதிவு செய்த ராஜபாளையம் ஆண் நாய் இருப்பதாகத் தெரியவந்தது.

ஃபோன் செய்துவிட்டு, அவளைக் குளிப்பாட்டி, காரில் ஏற்றிக்கொண்டு போனோம். மனிதர்கள் வழக்கத்துக்கு நேர்மாறாக நாய்களில் பெண்ணைத்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். மாப்பிள்ளை சும்மா சொல்லக் கூடாது, ராஜா மாதிரி வந்து நின்றான். திருநெல்வேலிக்காரர் காபி கொடுத்தார், எங்கள் பெண்ணைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், அழகாக இருக்கிறாள் என்றார். எல்லாம் கூடி வந்துவிட்டது என்று நான் நினைத்த நேரத்தில் கேட்டார்.

"பதிவு பண்ணியிருக்கீங்களா மேடம்?"

"இல்ல சார். ஆனா அசல் நாய். பாத்தாலே தெரியுதே?"

"எனக்குத் தெரியுது. குட்டிய வாங்குதவனுக்கு எப்படித் தெரியும்? தப்பா எடுத்துக்கிடாதீங்க, பதிவு இல்லாத நாயோட நான் சேக்க மாட்டேன். காது டெஸ்ட் பண்ணியாச்சா?"

இந்த இனத்தில் சில குட்டிகள் செவிடாகவே பிறக்கும். தெரியாமல் சேர்த்தால் அந்தக் குறையும் வம்சத்தோடு கூடவே நடக்கும். அது எனக்கும் தெரியும், ஆனால் சோதித்துப் பார்க்கவில்லை. பேப்பர் இல்லாத நாய்க்கு எங்கே போய்ப் பதிவு வாங்குவது என்று கேட்டேன். அதற்கும் வழி சொன்னார். நாய்க் கண்காட்சிக்குக் கொண்டுபோனால், அங்கே நடுவர் அங்க அடையாளம் எல்லாம் சோதித்துப் பார்ப்பார். இனம் சுத்தம் என்று அவர் கையெழுத்துப் போட்டால் தோலுக்கடியில் சிப் பொருத்திப் பதிவு செய்துவிடுவார்கள். முடியாது என்று எழுதிவிட்டால் அவள் கலப்பு நாய்தான், அதோடு கதை முடிந்தது.

திரும்பும் வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே என்ற ஆத்திரம்.

"அவரு சொல்றது நியாயந்தானே?" என்றார் கணவர். அவர் தணிக்கைத் துறையில் இருக்கிறார், எதற்கும் ஆதாரம் கேட்டுப் பழகியவர்.

"நீங்க யாரு கட்சி?"

"நாய் கட்சி" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கும் வீம்பு வந்துவிட்டது. காதுச் சோதனையில் அவள் ஜம்மென்று தேறினாள். கண்காட்சிதான் கஷ்டம். ராஜபாளையம் வெளியாளைத் தொடவிடாது, நடுவரோ வாயைத் திறந்து பல் வரைக்கும் பார்ப்பார். குளிர்காலம் முழுக்கக் காலைப் பனியில் சொசைட்டி பார்க்கில் பயிற்சி நடந்தது. "பையா, ஜரா இஸ்கே தாந்த் தேக்கோ" என்று வாட்ச்மேனைக் கெஞ்சி அவளுடைய பல்லைப் பார்க்கச் சொன்னேன். அவர் முதலில் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். போகப்போக, தினமும் காலையில் என் நாயின் பல்லைப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போனார்.

கண்காட்சி மைதானத்துக்குள் நுழைந்ததும் அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். எங்கு பார்த்தாலும் மேஜைகள், ஹேர் டிரையர்கள், சீப்புகள். வெள்ளை நாய்களுக்கெல்லாம் பவுடர் அப்பி, தட்டி, மறுபடி அப்பிக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் ஒரு ஈரத் துண்டும் ஒரு டப்பா தயிர்சாதமும் இருந்தன. கோல் மார்க்கெட்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, திடலைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் என் கணவரோடு நின்றிருந்தார். இவர் முன்னாலா மானம் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவர் வயதானவர், டை கட்டியிருந்தார், சிரிப்புக்கும் அவருக்கும் வெகுதூரம். பல் பார்த்தார், அவள் கல்லாக நின்றாள். நெஞ்சு, முதுகு, கால், வால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். இடது காதை மடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். காதுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு பொட்டு. முழு வெள்ளையாக இருக்க வேண்டிய நாய். கட்டைவிரலால் தேய்த்தார். விரல் கறுப்பாகிவிட்டது. "வாட் இஸ் திஸ்?" என்றார். நாய்க்குச் சாயம் பூசிக் கொண்டுவந்தால் அந்த இடத்திலேயே வெளியேற்றிவிடுவார்கள்.

கயிற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கணவரின் முகமே சொல்லிவிட்டது. ராகு காலம் பார்க்காத மனிதர், எலுமிச்சம்பழத்தைச் சாதத்துக்கு மட்டுமே நம்புகிறவர், காலையில் என் கண்மை டப்பாவைத் திறந்திருக்கிறார்.

"என்னங்க இது!"

"இத்தன பேரு பாப்பாங்களேன்னு… கண்ணு பட்டுறக் கூடாதுல்ல. கொஞ்சூண்டுதான் வச்சேன்."

கொல்லலாம் போல இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. நல்லவேளை, திருஷ்டிப் பொட்டுக்குத் தில்லியில் விளக்கம் தேவையில்லை. "சர், நஜர் கா டீக்கா ஹை. என் வீட்டுக்காரர் வைத்தது. நீங்களே துடைத்துப் பாருங்கள்" என்று இந்தியில் சொல்லி ஈரத் துண்டை நீட்டினேன். அவளிடம் மறைக்க ஒன்றும் இல்லை.

அவர் துண்டை வாங்கிப் பொட்டைத் துடைத்தார். கீழே வெறும் இளஞ்சிவப்புத் தோல். அதோடு விடவில்லை. சந்தேகம் வந்தது வந்ததுதான் என்று தலையிலிருந்து வால் நுனி வரை அழுத்தி அழுத்தித் துடைத்து, துண்டை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். துண்டில் அந்த ஒரு மைக்கறையைத் தவிர வேறு எதுவும் இல்லை. பக்கத்து மேஜையில் பவுடர் அடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"காலையிலிருந்து பார்க்கிறேன், எல்லாரும் வெள்ளையைப் பூசிக்கொண்டு வருகிறார்கள். நீங்கள் ஒருவர்தான் கறுப்பைப் பூசிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்" என்று நடுவர் இந்தியில் சொன்னார். சொல்லும்போது வாயோரம் லேசாக அசைந்தது. அவளை ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார். அவர் கையெழுத்து இன்னும் விழவில்லை.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன். என் வயதுக்கு அது ஓட்டம்தான். அவளுக்கு அது நடை. பாதிச் சுற்றில் எனக்கு மூச்சு வாங்கியதும், போதும் இந்த மெதுநடை என்று அவள் முடிவு செய்துவிட்டாள். கழுத்தை நீட்டி, தரையில் கால் பட்டதா இல்லையா என்று தெரியாமல் பறந்தாள். வார் என் கையில் இருந்ததா, நான் வாரில் தொங்கினேனா தெரியாது. கயிற்றைச் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எல்லாரையும்விட சத்தமாகத் தட்டியது கோல் மார்க்கெட்காரர்தான். நான் வந்து நிற்பதற்குள் நடுவர் கையெழுத்தைப் போட்டு முடித்திருந்தார். நான் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அடுத்த பருவத்தில் மாப்பிள்ளை வீட்டில் நல்ல காரியம் நடந்தது. கோடை முடிவதற்குள் குட்டிகள் பிறந்தன. எல்லாக் குட்டிகளுக்கும் காதுச் சோதனை செய்த பிறகே வீடு பார்த்தோம். சங்கிலியில் கட்டிப்போடக் காவல் நாய் வேண்டும் என்று வந்தவர்களை நானே காபி மட்டும் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

குட்டிகளின் பதிவுச் சான்றிதழ்களைக் கோல் மார்க்கெட்காரர் கொண்டுவந்து கொடுத்தார். தகப்பன் பக்கம் பாட்டன், முப்பாட்டன் என்று கட்டமெல்லாம் நிரம்பி வழிந்தது. தாய் பக்கம் எங்கள் பெண்ணின் பெயர் மட்டும், அவளுக்கு மேலே எல்லாம் வெறும் கட்டங்கள்.

"அத ஒண்ணும் பண்ண முடியாது மேடம்" என்றார், தன் தப்பு போல. "தெரியாததுக்கு எதையும் எழுத மாட்டாங்க."

"இருக்கட்டும் சார். இவகிட்டேருந்து ஆரம்பிக்கட்டும்" என்றேன்.