அண்ணையின் தோல்விக்குக் கிடைத்த மரியாதை

அண்ணையும் நானும் ஒரே வருடம் கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதினோம். எனக்கு முதல் தடவை, அவருக்கு இரண்டாம் தடவை. முடிவு வந்தபோது, தெற்கே போய்ப் பொறியியல் படிக்க எனக்குப் புள்ளிகள் போதும். அவருக்குப் போதாது. கொக்குவிலில் எங்கள் வீடு செத்த வீடு மாதிரிக் கிடந்தது.

சமைத்துக்கொண்டிருந்த அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். "பிள்ளை, அண்ணைக்கு முன்னாலை உன்ரை புள்ளியளைப் பற்றிக் கதையாதை. அவன்ரை மனம் நோகும்."

என்னை வாழ்த்த வந்த பெரியம்மாவும் அண்ணையின் தலையைத் தடவிவிட்டுத்தான் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சித்தியடைந்தவள் நான், எல்லாரும் சுற்றி நின்றது அவரை. பரீட்சையில் தோற்றவரைப் பார்த்துப் பொறாமைப்படுகிற விசரி யாழ்ப்பாணத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது, விரும்பும் படிப்புகளை வரிசைப்படுத்த வேண்டும். முதலாவது கிடைத்தால் அதோடு சரி. பெண்பிள்ளை தூர இடத்தில் அறை எடுத்துத் தங்கினால் நாளைக்குக் கலியாணம் பேசும்போது கேள்வி வரும், வீட்டிலிருந்து போய்வரக்கூடிய விஞ்ஞானப் படிப்பை முதலாவதாகப் போடு என்று அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அழுதுகொண்டு போட்டேன். அதுவே கிடைத்தது.

அண்ணைக்கு மூன்றாம் தடவைக்காக நல்லூரில் தனி ரியூசன், போய்வரப் புது மோட்டார் சைக்கிள். மாலையில் அவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பிழையாகச் சொல்லிக் கொடுத்தால் என்ன என்றுகூட யோசித்தேன். ஆனால் கணக்கு என்றால் எனக்கு உயிர், வாய் வரவில்லை.

அண்ணை சித்தியடைந்தார். நான் ஆசைப்பட்ட அதே இடம், அதே பொறியியல். அம்மா அயலெல்லாம் பாயசம் கொடுத்தார். ஸ்ரேசனில் அவருடைய பையை ரயிலுக்குள் ஏற்றிவிட்டவள் நான். அவர் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்ததைப் பார்க்க வயிறு எரிந்தது.

முதல் கிழமையே வீடியோவில் கதைத்தார். சாப்பாடு, அறை, புதுச் சிநேகிதர்கள் என்று எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, என்னைக் கண்டதும் சிரித்தார்.

"எங்கடை பக்கத்துப் பெட்டையள் இஞ்சை நல்லாக் குறைவு. அவளவைக்கு இதெல்லாம் படிக்க விருப்பமில்லைப் போல."

"எனக்கு விருப்பம் இருந்ததோ இல்லையோ எண்டு அப்பாட்டைக் கேளுங்கோ" என்று போனை அப்பாவின் கையில் கொடுத்தேன்.

அப்பா போனை வாங்கி, அங்கே சாப்பாடு ஒத்துவருகிறதா என்று அண்ணையிடம் கேட்டார்.