நாற்பது வயதில் ஒரு பால் பல்

நாற்பது வயது தாண்டியும் என் மேல் வரிசையில் வலப்பக்கம் ஒரு பால் பல் விழாமல் இருந்தது. கோரைப்பல் முளைக்க வேண்டிய இடத்தில் அரிசி மணி போலக் குட்டியாக நிற்கும். எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து வெட்டும் மிஷினை இரண்டு பேர் எதிரெதிரே பிடித்து நடக்க வேண்டும். மறுமுனையில் நடப்பவன் என் மச்சான், மனைவியின் அண்ணன். இரண்டு கையும் மிஷினில் இருக்கும்போது வாயை எதைக் கொண்டு மூடுவது? நான் சிரித்தால் போதும், மாப்பிள்ளைக்கு இன்னும் பால்குடி மறக்கவில்லை என்று ஊருக்கே கேட்கக் கத்துவான்.

போன வருடம் அந்தப் பல் ஆட ஆரம்பித்தது. ஈறு வீங்கிச் சீழ் வைத்தது. கிராம்பு, உப்புத் தண்ணீர், மாத்திரை என்று நாளை ஓட்டினேனே தவிர, கிளினிக் பக்கம் போகவில்லை. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பது எஸ்டேட் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பல் எடுத்த பிறகுதான் பார்வை மங்கியது. சர்க்கரையால் மங்கியது என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? நானும் கேட்கவில்லை. எனக்கு என் கண் வேண்டும்.

நான் கஞ்சி மட்டும் குடிப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் மச்சான் லீவு போட்டு என்னைக் காரில் ஏற்றினான். பள்ளி விடுமுறை, மலைக்கு வந்த சுற்றுலாக் கூட்டத்தால் பிரிஞ்சாங் ரோடு முழுக்க ஜாம். "பல்லு போனா சொல்லு போச்சு லா மாப்ள. என் தங்கச்சி இனிமே நிம்மதியா இருப்பா" என்று வழியெல்லாம் கிண்டலடித்தான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

டாக்டர் இளவயது மலாய்க்காரப் பெண். எக்ஸ்ரேயைக் காட்டி நிதானமாக விளக்கினார். என் நிஜக் கோரைப்பல் எலும்புக்குள் குறுக்காகப் படுத்துக் கிடந்தது. பால் பல் உறுதியாக இருந்தால் அப்படியே விட்டு, மேலே பூசிப் பெரிதாக்கிக் கொள்ளலாமாம். ஆனால் வேர் கரைந்துவிட்டது, எடுக்கத்தான் வேண்டும். படுத்திருப்பதைக் கம்பி கட்டி இறக்க வருடக்கணக்காகும், இந்த வயதில் அசையாமலும் போகலாம். காலி இடத்தில் கழற்றி மாட்டும் பல் வைக்கலாம், பக்கத்துப் பற்களைச் செதுக்கிப் பாலம் போடலாம், எலும்பில் திருகிப் பொருத்தலாம். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். நான் கண்ணைப் பற்றி மட்டும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தன் கன்னத்தைத் தொட்டு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு என்று காட்டினார். அவர் சிரிக்காமல் இருந்ததற்கு இன்றுவரை நன்றி சொல்கிறேன். சிரித்திருந்தால் எழுந்து வந்திருப்பேன். பல்லை எடுத்துவிட்டுக் கழற்றி மாட்டும் பல்லே வைக்கச் சொன்னேன். படுத்திருப்பது அங்கேயே இருக்கட்டும், அவ்வப்போது படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

வாய் நிறையப் பஞ்சோடு வெளியே வந்தேன். அத்தனை நாற்காலி காலியாக இருந்தும் மச்சான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். கிண்டல் இல்லை. என் இடது கண்ணைக் கையால் பொத்தி, வலது கண்ணுக்கு முன்னால் விரல்களை நீட்டினான்.

"மாப்ள, இது எத்தன?"

அவனும் அதே லயத்தில் பிறந்தவன்தானே. கண் போய்விடுமோ என்ற பயத்தையும் வைத்துக்கொண்டுதான் என்னைக் கூட்டி வந்திருக்கிறான். மூன்று விரலைக் காட்டினேன்.

அடுத்து வலது கண்ணைப் பொத்தினான். இடது பக்கம் யாரும் பல்லைத் தொடவே இல்லை. இருந்தாலும் எண்ணிப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினேன். அங்கேயே, எல்லாரும் பார்க்க, என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.