ஒட்டகத்துக்கு நாலு லிட்டர்

பதினொரு மணிக்கு டீ வந்தால் தன் கோப்பையைத் தலையணை உறை விற்கும் பெண் பக்கம் நகர்த்திவிடுவாள். மதியம் சாப்பிட்டு முடித்தால் வாயைக் கொப்பளித்துத் துப்புவாளே தவிர ஒரு வாய் விழுங்க மாட்டாள். காலையில் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர், இரவு வீடு திரும்பி ஒரு டம்ளர். நடுவில் பன்னிரண்டு மணி நேரம் துணிக்கடையின் இரண்டாம் மாடியில் நின்றபடியே படுக்கை விரிப்புகளை உதறி விரித்துக் காட்டுவாள். வாங்காமல் போகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே திரும்ப மடிப்பாள். இருபத்தாறு வருடமாக இதுதான் வழக்கம். கடையில் அவளுக்கு ஒட்டகம் என்று பெயர். மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார், அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

காரணம் பெரிய ரகசியமில்லை. பெண்களுக்கான கழிப்பறை தரைக்குக் கீழே, சரக்கு இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். அவர் ஒரு நோட்டை நீட்டுவார். போன நேரம், வந்த நேரம், கையெழுத்து. மாதக் கடைசியில் அந்த நோட்டை யாரோ ஒரு மகானுபாவன் உட்கார்ந்து படிக்கிறான். அதில் ஒட்டகத்தின் பெயர் ஒரே ஒரு தடவைதான் இருக்கிறது, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில். "அதுக்கப்புறம் என் பேரை அதுல எழுத விட்டதே இல்ல" என்பாள், பதக்கம் வாங்கியவள் மாதிரி. புதிதாக வரும் பெண்களிடமும் அவள் விலைப்பட்டியலை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் பேசுவாள். "வயித்துக்கு ஒரு பயம் இருக்கணும்டி. ஒரு மாசம் முரண்டு பிடிக்கும். அப்புறம் பாரு, நாம சொன்னதைக் கேக்கும்."

அவள் வயிறு சொன்னதைக் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் ரத்தமாகப் போனது.

நின்று நின்று வந்த மூலம் என்று தானே முடிவு கட்டிக்கொண்டாள். மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவினாள். வீட்டில் யாரும் பார்ப்பதற்குள் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வருவாள். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். வெட்கம் மட்டுமா? உட்கார ஒரு ஸ்டூல் கேட்டவளை வீட்டிலேயே உட்காரச் சொல்லி அனுப்பிய கடை அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போல அவள் மறைத்தாள், வேகமும் குறையாமல் விரிப்புகளை மடித்தாள். உதடு வெளுத்தது, படியேறினால் மூச்சு இரைத்தது. கடைசியில் பன்னிரண்டு விரிப்புகளைச் சுமந்துகொண்டு மாடி ஏறும்போது அவற்றின் மேலேயே விழுந்தாள். நல்லவேளை, இரட்டைக் கட்டில் அளவு.

டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். அவள் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். "உடம்புல இருக்கவேண்டிய ரத்தத்துல பாதிதான் இருக்கு. எங்கேருந்து போகுதுன்னு தெரியணும். வாய் வழியா ஒண்ணு, கீழ் வழியா ஒண்ணு, ரெண்டு பக்கமும் கேமரா விட்டுப் பாக்கணும். ஒரே நாள்ல, ஒரே மயக்கத்துல முடிச்சிடலாம். எத்தனை மாசமா ரத்தம் போகுது?"

"ரெண்டு மாசமா."

பதினாலு மாதம் ஆகியிருந்தது. பக்கத்தில் நாத்தனார் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கணக்கை எப்படிச் சொல்வது? டாக்டர் இரண்டு மாதம் என்று எழுதி, அதற்குத் தகுந்த அவசரத்தில் ஒரு தேதி கொடுத்தார்.

நாத்தனார் என்றால் இறந்துபோன கணவரின் தங்கை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப்பிஸ்ட். தலைமையாசிரியர் எழுதிய கடிதத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் திருப்பி அனுப்புகிற ஆள். அண்ணன் போய் ஒன்பது வருடமாகியும் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். பிரிந்து போகிற அளவுக்குப் பகையும் இல்லை, உட்கார்ந்து பேசுகிற அளவுக்கு உறவும் இல்லை. காலையில் குளியலறைக்கு யார் முதலில் என்ற சண்டை மட்டும் ஒருநாளும் தவறியதில்லை.

முதல் தேதி வீணாய்ப் போன கதையையும் சொல்ல வேண்டும். முந்தின நாள் நாத்தனாருக்கு லீவு கிடைக்கவில்லை. ஒட்டகம் வீட்டில் தனியாக உட்கார்ந்து பவுடரைத் தண்ணீரில் கரைத்தாள். நாலு லிட்டர், பதினாறு டம்ளர், கால் மணிக்கு ஒன்று என்று தாளில் போட்டிருந்தது. மூன்றாவது டம்ளரோடு தொண்டை ஷட்டரை இழுத்து மூடிவிட்டது. ஒரு நாளுக்கு இரண்டு டம்ளர் குடித்துப் பழகிய உடம்பு ஒன்றரை மணி நேரத்தில் ஆறு டம்ளருக்கு எங்கே போகும்? எட்டு டம்ளர் வரை எப்படியோ தள்ளிவிட்டு மீதிப் பாதியைக் குளியலறையில் கொட்டினாள். "நான் என்ன யானையா, எனக்கு எதுக்கு நாலு லிட்டர்" என்று சமாதானமும் சொல்லிக்கொண்டாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். முழுசாகக் குடித்தேன் என்றாள். முதுகில் நாடா கட்டும் அங்கியை மாட்டிய பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள், பின்னால் வந்த நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டாள். "உள்ள சுத்தமே ஆகல. இன்னிக்கு ரெண்டும் கிடையாது" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். நாத்தனார் விடுவாளா? தாழ்வாரத்தில் நின்று அவரோடு சண்டை போட்டாள். "எங்க அண்ணி பொய் சொல்ற ஆள் இல்ல டாக்டர்! உங்க மருந்துலதான் கோளாறு!"

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒட்டகம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பாதியைக் கொட்டிட்டேன்."

நாத்தனார் பதினோரு நாள் பேசவில்லை. பேசியபோது, "பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று மட்டும் சொன்னாள். அடுத்த தேதி எட்டு வாரம் தள்ளித்தான் கிடைத்தது. அந்த எட்டு வாரத்தில் ஒட்டகம் நாலு கிலோ இளைத்தாள், ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தம் ஏற்றிக்கொண்டாள். இளைப்பைப் பார்த்து வாடிக்கையாளர் ஒருத்தி என்ன பயிற்சி செய்கிறாய் என்று கேட்டாளாம்.

இந்த முறை நாத்தனார் இரண்டு நாள் லீவு போட்டாள். டாக்டர் கொடுத்திருந்த இரும்புச்சத்து மாத்திரை குடலைக் கறுப்பாக்கிப் பரிசோதனையைக் கெடுக்கும் என்று ஒரு வாரம் முன்பே அதை எடுத்து ஒளித்துவைத்தாள். மூன்று நாளாகக் கீரை இல்லை, விதையுள்ள காய் இல்லை, பழத்தோல் இல்லை. முந்தின நாள் வடிகட்டிய சூப்பும் பால் சேர்க்காத டீயும்தான். கழிப்பறைக் கதவில் ஆஸ்பத்திரித் தாளை ஒட்டி, எதிரே முக்காலி போட்டு, சமையலறைக் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்பார்களே, அப்படி.

"அண்ணி, அஞ்சாவது."

"போதும்டி. வயிறு வெடிச்சிடும்."

"வெடிச்சா தைச்சுக்கலாம். குடிங்க."

"நீ ஒரு வாய் குடிச்சுப் பாரு. சோப்புத் தண்ணியில உப்பைப் போட்டு எலுமிச்சம்பழத்தைக் காட்டின மாதிரி இருக்கு."

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, இனிமே சாண் என்ன, முழம் என்ன. ஒட்டகம்னு சும்மாவா பேர் வச்சாங்க? ஒட்டகம் குடிக்க ஆரம்பிச்சா தொட்டியையே காலி பண்ணுமாம். மூக்கைப் பிடிச்சுக்குங்க."

அவளும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கேட்டால் பசிக்கவில்லை என்றாள்.

ஆறாவது டம்ளருக்குப் பிறகு தொடங்கியது. ஒட்டகம் போனாள், வந்தாள், உட்காரும் முன்பே மறுபடி போனாள். உள்ளே குடலை யாரோ துணி பிழிவது போலப் பிழிந்தார்கள். ஏழாவது முறையோ எட்டாவது முறையோ, கட்டிலிலிருந்து எழுந்தவளால் கழிப்பறை வரை போக முடியவில்லை. பத்தடிதான் இருக்கும். நடுவழியிலேயே எல்லாம் போய்விட்டது. பன்னிரண்டு மணி நேரம் அடக்கத் தெரிந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாள். அவளுக்கு வலியைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது. இதைவிடச் செத்துப்போயிருக்கலாம் என்று உண்மையாகவே நினைத்தாள்.

நாத்தனார் வாளியும் துணியும் கொண்டுவந்தாள். முதலில் அண்ணியின் காலைத் துடைத்தாள், பிறகு தரையை. "எழுந்திருங்க. வேற துணி மாத்திக்கலாம். அண்ணன் போன அன்னிக்குக்கூட நீங்க இப்படி அழல."

"அன்னிக்கு அழறதுக்கு நேரம் எங்க இருந்துச்சு?"

"சரி, இன்னிக்கு அழுதுக்குங்க. எட்டாவதுக்கு இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு."

மறுநாள் காலை ஏழு மணிக்கு மீதி எட்டு டம்ளர். பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது, மதியம் இரண்டு மணிக்குப் பரிசோதனை. பதினைந்து வரை எப்படியோ இறங்கியது. பதினாறாவது டம்ளர் இறங்கியதும் அதே வேகத்தில் மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் வெளியே வந்தது. வாந்தி எடுத்தால் என்ன செய்வது என்று தாளில் போடவில்லை. நாத்தனார் கதவிலிருந்து அதைப் பிய்த்து இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. கரைக்க வேறு பவுடரும் இல்லை. இன்றைக்கும் திருப்பி அனுப்பினால் இன்னும் எட்டு வாரம். இந்த உடம்பு எட்டு வாரம் தாங்குமா என்று இரண்டு பேரும் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் அதே அங்கி, அதே நாடா. அங்கியை மாட்டியபின் ஒட்டகம் ஒருமுறை கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். இந்த முறை வேறொரு நர்ஸ், கையில் படிவம். பல்செட் உண்டா, ஒவ்வாமை உண்டா, கூட வந்திருப்பது யார் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, அந்தக் கேள்விக்கு வந்தாள்.

"மருந்தை முழுசா குடிச்சீங்களாம்மா?"

ஒட்டகம் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். "முழுசா குடிச்சாங்க. பதினாறு டம்ளர். நான் பக்கத்துலயே உக்காந்து எண்ணினேன்."

முப்பது வருடத்தில் அவள் பொய் சொல்லி ஒட்டகம் கேட்டது அதுதான் முதல் தடவை. நர்ஸ் பேனாவைப் படிவத்தில் வைத்தாள்.

"பதினஞ்சு சிஸ்டர்" என்றாள் ஒட்டகம். "கடைசி டம்ளர் வெளிய வந்துடுச்சு. அவ எனக்காகச் சொல்றா. நீங்க வந்து பாத்துட்டு அப்புறம் எழுதுங்க."

நர்ஸ் ஏதோ சொல்லவந்தாள். அதற்குள் ஒட்டகம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பின்பக்கம் பிரிந்து கிடந்த அங்கியை மூடிக்கொள்ளக்கூடக் கையை எடுக்கவில்லை. எதிரே இருந்த கழிப்பறைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு போனாள். சற்று முன் போனதற்கு அவள் தண்ணீர் விட்டிருக்கவில்லை. மூடியைத் தூக்கினாள்.

நர்ஸ் குனிந்து பார்த்தாள். "தெளிவாத்தான் இருக்கு. இது போதும். இன்னிக்குப் பாத்துடலாம்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தவள் மறுபடியும் குனிந்தாள். இளமஞ்சள் தண்ணீரில் சிவப்பு இழை இழையாகப் பிரிந்துகொண்டிருந்தது. ஓரத்தில் கருஞ்சிவப்பாக ஒரு கட்டி கிடந்தது. அவள் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள்.

"இதுல ரெண்டு மாசம்னு போட்டிருக்கு. முதல்ல டாக்டரைப் பாத்தப்போ நெஜமா எத்தனை மாசமா போய்ட்டிருந்துச்சும்மா?"

நாத்தனார் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றிருந்தாள். ஒட்டகத்துக்கு அது தெரியும். இரண்டு கைகளையும் நர்ஸின் முகத்துக்கு நேரே உயர்த்திப் பத்து விரல்களையும் விரித்தாள். பிறகு கைகளை மூடி, வலது கையில் மட்டும் மறுபடியும் நாலு விரல்களை விரித்துக் காட்டினாள்.