புள்ளியக்காவின் நெஞ்சு

முட்டிக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று, தோளுக்கு இரண்டு. கறுப்பு உடுப்பின்மேல் கோலிக்குண்டு அளவுச் சாம்பல் நிறப் புள்ளிகளை அவரே ஒட்டிக்கொள்கிறார். முதுகுக்கு மட்டும் ஆள் தேடுவார். "கொஞ்சம் ஒட்டி விடும்மா, எனக்கென்ன பின்னாடியும் கையா இருக்கு?" எங்கள் ஸ்டூடியோவில் அவர் புள்ளியக்கா. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

நாங்கள் செய்வது கணினி விளையாட்டு. அதன் நாயகி, பழைய சீனக் கதையில் வரும் பேரழகி ஒருத்தியின் சாயலில் பிறந்தவள். அந்த அழகிக்கு நெஞ்சுவலி. வலியில் நெஞ்சைப் பிடித்துப் புருவம் சுளித்தாலும் ஊரே சொக்கிப்போகுமாம். எங்கள் விளையாட்டில் அதுதான் அவள் ஆயுதம். அவள் நெஞ்சைப் பிடித்தால் படையே மண்டியிடும்.

முகம் ஓவியர்கள் வரைந்தது, குரல் வேறொருத்தியுடையது. நடப்பது, திரும்புவது, விழுவது எல்லாம் அக்கா. கேமராக்கள் உடுப்பில் ஒட்டிய புள்ளிகளின் அசைவை மட்டுமே பார்த்து, கணினிக்குள் நாயகியை அப்படியே அசைக்கும். நாற்பத்தேழு வயதும் நரையும் அவற்றுக்குத் தெரியாது. "வேற எங்க போனாலும் எனக்குக் கிழவி வேஷம்தான். இங்க மட்டுந்தான் நான் அழகி" என்பார். சாப்பாட்டு நேரத்தில்கூட நாற்காலியில் ராணியாக ஒருமுறை உட்கார்ந்து எழுந்து, களைத்தவளாக இன்னொருமுறை உட்கார்ந்து பார்த்த பிறகே டப்பாவைத் திறப்பார்.

முதல் பாகத்தில் அந்த நெஞ்சைப் பிடிக்கும் காட்சியை எடுத்த அன்று கணினி முன்னால் இருந்தது நான்தான். மூன்று முறை எடுத்தும் இயக்குநருக்குத் திருப்தியில்லை. நான்காவது முறை அக்காவின் விரல்கள் விரிந்து மடங்கின. ஒரு கால் பின்னால் தரையைத் தேடியது. மெல்லச் சரிந்தார். இயக்குநர் கைதட்டினார், நானும் தட்டினேன். "அப்படியே இருங்கக்கா" என்று மைக்கில் சொன்னதும் நான்தான். அது நிஜ வலி என்று உறைக்க ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடத்தில் நான் கோப்பில் 'மிக அருமை' என்று குறித்து முடித்திருந்தேன். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பதிவோடே வெளிவந்த விளையாட்டு சக்கைப்போடு போட்டது. அக்கா இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, எட்டு மாதம் கழித்துத் தேறி வந்தார்.

இரண்டாம் பாகத்தில் நாயகி படியிறங்கிக்கொண்டே நெஞ்சைப் பிடிக்க வேண்டும். பழைய பதிவு உதவாது. இரண்டு நாள், இருபது முறை அக்கா படியிறங்கினார். இயக்குநர் பழையதையும் புதியதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார். அதில் இருக்கும் வலி இதில் இல்லையே என்றார். அக்கா திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னைக்கு இருந்துச்சு தம்பி. இப்ப சரியாப் போச்சு. அதுக்கு நான் என்ன பண்ண?"

அதே சீனக் கதையில், அழகியைப் பார்த்துத் தானும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஊர் சிரிக்க நடந்த பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி உண்டு. அவளாவது அடுத்தவளைக் காப்பியடித்தாள். அக்காவை அவரையே காப்பியடிக்கச் சொல்லி, அது சரியில்லை என்றும் சொன்னோம்.

திங்கட்கிழமை, நடனம் படித்த இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். இனி நாயகி அவள்தான். உடுப்பை எப்படி மாட்டுவதென்று காட்டிக்கொடுக்க அக்காவையே வரச் சொல்லியிருந்தார்கள். வந்தார். அந்தப் பெண்ணின் முதுகுப் புள்ளிகளை ஒட்டினார், தோளில் ஒட்டினார். அவள் ஒத்திகைக்காக இடது மார்பில் கையை வைத்து அழகாகப் புருவம் சுளித்தாள்.

"அங்க இல்லம்மா. எல்லாரும் அங்கதான் பிடிப்பாங்க."

அக்கா அவள் கையை எடுத்து நடுநெஞ்சில் வைத்தார். பிறகு தன் விரலால், அன்று வலி போன வழியே, அங்கிருந்து தோளுக்கும், தோளிலிருந்து இடது கை வழியாகச் சுண்டுவிரல் வரைக்கும் மெதுவாக ஒரு கோடு இழுத்து, கடைசிப் புள்ளியை அங்கே வைத்து, விழாமல் இருக்கக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.