அவிழ்க்காத காப்பு

பழங்காநத்தத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்த மாடிவீட்டுக்கு என்னை அனுப்பும்போதே ஹோம் நர்ஸ் ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். முன்னால் போன பெண்கள் யாரும் அங்கே நிலைக்கவில்லையாம். நோயாளி பக்கவாதம் வந்து படுத்திருப்பவர்; திட்டுவதில்லை, அடிப்பதில்லை. பிறகு ஏன் ஓடினார்கள் என்று கேட்டேன்.

"அவரைச் சாமின்னு சொல்றாங்க, சபியாம்மா. உங்களுக்கு அந்தப் பயம் இருக்காதுல்ல?"

நான் பயப்படுவது படுக்கைப்புண்ணுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

கதவைத் திறந்தவள் அவர் மனைவி முருகம்மாள். அறுபதை நெருங்கும் வயது. காலையில் தெருமுனையில் பூ விற்கிறவள். விரல் நுனிகளில் நாரின் தடம் இருந்தது. என்னை உள்ளறை வாசல்வரை கூட்டிக்கொண்டு போனாள். நிலைப்படியைத் தாண்டவில்லை.

"ஒன்னே ஒன்னுதாக்கா. கவிச்சி தின்னுட்டு வராதீக. மத்ததெல்லாம் ஒங்க இஷ்டம்."

ஒப்புக்கொண்டேன். வேலை நாட்களில் கறி மீனை விட்டேன். அதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

படுத்திருந்தவர் பேயாண்டி. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். வலது பக்கம் முழுக்கச் செயலற்றுக் கிடந்தாலும் தோளைப் பார்த்தால் தூக்கிய சுமை தெரியும். நான் போர்வையை விலக்கியதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, அடித்தொண்டையில், அறை அதிரச் சொன்னார்:

"நிக்கிறேன்டா!"

வாசலில் முருகம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவருக்கு மிஞ்சியிருந்த சொல் அது ஒன்றுதான். பசித்தாலும் வலித்தாலும் சிறுநீர் போனாலும் அதையேதான் சொல்வார். மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டால், எப்போதோ பலமுறை சொல்லிப் பழகிய ஒரு சொல் மட்டும் சிலருக்குத் தங்கிவிடும். ஒரு வாத்தியாரம்மா "உட்காரு, உட்காரு" என்று சொல்லியபடியே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இதை முருகம்மாளிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"சரிதாக்கா. ஆனா இது இவரு சொல்லிப் பழகுன சொல்லு இல்லையே. இவரு மேல வந்து அவுக சொன்ன சொல்லுல்ல?"

பேரையூருக்குத் தெற்கே இவர்கள் ஊர். அங்கே எல்லையைக் காக்கும் கருப்பசாமி இவர்களின் குலதெய்வம். வருஷத்துக்கு ஒருமுறை, மாசி சிவராத்திரியில், அந்தச் சாமி பேயாண்டிமேல் இறங்கும். பூசாரி அவர் வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கோத்த கயிற்றைக் காப்பாகக் கட்டுவார். பேயாண்டி அரிவாள்மேல் ஏறி நின்று, வந்தவர்களுக்கெல்லாம் குறி சொல்வார். "எல்லையில நிக்கிறேன்டா, எதுக்கு அழுகுற?" என்பாராம். எல்லாம் முடிந்ததும் சாமி விடை கேட்கும்: "சந்தோசமா? மலையேறட்டுமா?" கூட்டம் "சந்தோசம் சாமி, போயிட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் சாமி போகும். பூசாரி திருநீறு பூசுவார், பேயாண்டி மயங்கி விழுந்து, எழுந்து, டீ கேட்பார். அதற்குப் பிறகு காப்பை அவிழ்ப்பார்கள்.

போன மாசியில் குறி பாதியில் இருக்கும்போது அரிவாளிலிருந்து சரிந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். சாமி விடை கேட்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை.

அதனால் அந்த வீட்டில் படுத்திருந்தது பேயாண்டி இல்லை. சாமி ஏறிய உடம்பை மனைவி தொடக் கூடாது. முருகம்மாள் தரையில் தனியே படுத்தாள். கஞ்சியைக் காய்ச்சி நிலைப்படியில் வைப்பாள். நான் எடுத்து ஊட்டுவேன். தெருவில் இருந்தவர்கள் செருப்பைக் கீழே கழற்றிவிட்டு மேலே வந்தார்கள். கீழ்க்கடை விக்ரம் ஒருநாள் வாசலில் மண்டிபோட்டு, "சாமி, கடையை டவுன்ஹால் ரோட்டுக்கு மாத்தவா?" என்று கேட்டான்.

"நிக்கிறேன்டா!"

"பாத்தீங்களா, இங்கயே நிக்கச் சொல்லிருச்சு."

"அவருக்கு டயப்பர் மாத்தணும்யா. வழியை விடு," என்றேன்.

"சபியாம்மா, நீங்க சாமிகிட்டயே இப்படிப் பேசுறீங்களே."

"பிஸ்மி சொல்லித்தான் தூக்குறேன். அவரு கோவிச்சுக்கல."

இப்படிச் சொன்னாலும், ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. பிற்பகலில் தெரு அடங்கியிருக்கும்போது, அவருக்கு முதுகைத் துடைத்துக்கொண்டு இருக்கையில், அறையில் எனக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். திரும்பினால் சுவர்தான். எத்தனையோ சாவுப்படுக்கைகளின் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். அங்கெல்லாம் யாரோ போகிற மாதிரி இருந்திருக்கிறது. யாரோ போகாமல் நிற்கிற மாதிரி இருந்தது இந்த வீட்டில்தான்.

என் கவலை அந்தக் காப்பு. மஞ்சள் துண்டு எப்போதோ உதிர்ந்துபோய், கயிறு கறுத்து, முறுக்கு மட்டும் இருந்தது. அசையாத கை வீங்கும். கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தேன், நீவிவிட்டேன். தை பிறந்தபோது கயிறு சதைக்குள் இறங்கிவிட்டது. சுற்றிலும் தோல் பிய்ந்து நீர் கசிந்தது. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் கத்தரிக்கோலைக் கேட்டார். முருகம்மாள் முதல்முறையாக நிலைப்படியைத் தாண்டி வந்து குறுக்கே நின்றாள்.

"கட்டினவுகதான் அவுக்கணும். சாமி மலையேறாம அவுக்கக் கூடாது."

"அப்ப கட்டினவரைக் கூப்பிடும்மா," என்றார் டாக்டர்.

அவள் வழிவிடவில்லை. பூசாரி வயசாளி, வர முடியாது என்று என்னிடம் பிறகு சொன்னாள். நானும் நம்பினேன்.

மாசி சிவராத்திரிக்கு மறுநாள் காலை, நான் அவருக்குப் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். படியில் காலடி கேட்டது. பூசாரி சின்னக்கருப்பன் வந்து நின்றார். ஐம்பது வயதுகூட இருக்காது. கூட வந்த இளைஞன் பேயாண்டியின் தம்பி மகன் தங்கப்பாண்டி. இருவர் மணிக்கட்டிலும் புதுக்காப்பு. காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதாம்.

"எல்லை தாண்டி வந்திருக்கீகளே தம்பி?" என்றாள் முருகம்மாள்.

"காவக்காரன் இங்க கெடக்கையில எல்லை எங்கருக்கு மதினி?" என்றார் பூசாரி. அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. "உடுக்கு அடிச்சு அடிச்சுக் கை வீங்கிப்போச்சு. தங்கப்பாண்டி மேல எறங்கும்னு கெடந்தோம். ஒருத்தர் மேலயும் எறங்கல. ஊரே வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு."

"பெரியம்மா, விடை குடுத்துருங்க பெரியம்மா," என்றான் தங்கப்பாண்டி.

"சித்திரையிலயே வந்தேன். வாசல்லயே திருப்பி அனுப்புனீக. இப்பவும் அனுப்புவீகளா?" என்றார் பூசாரி.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை மாதமும் காப்பை அவிழ்க்க விடாமல் தடுத்தது ஊரும் இல்லை, சாமியும் இல்லை, இவள்தான்.

அவளை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஏன் என்று கேட்டேன். குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். கை அழுக்காக இல்லை.

"அரிவாள்லருந்து விழுந்தப்ப மூச்சே இல்லக்கா. நாந்தான் நெஞ்சுல காத வச்சுப் பாத்தேன். செத்துட்டாருன்னு வாயத் தெறக்கப் போறேன், 'நிக்கிறேன்டா'ன்னு ஒரு சத்தம். இவரப் பிடிச்சு வச்சிருக்கதே அவுகதாக்கா. போங்கன்னு சொல்லிட்டா இவரும் கூடவே போயிட்டாருன்னா?"

"போகலாம். போகாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது," என்றேன். "கயிறு இருந்தா கை அழுகும், அது தெரியும். அந்தச் சீழ் ரத்தத்துல ஏறுனா அவரு மாசி முடிய இருக்க மாட்டாரு. அதுவும் தெரியும்."

குழாயை மூடினாள். கையை உதறினாள். பிறகு முந்தானையால் துடைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

பூசாரி பேயாண்டியின் நெற்றியில் திருநீறு பூசி, முகத்தில் தண்ணீர் தெளித்தார். "சாமி, கொறை ஏதும் இல்லாம மலையேறணும்" என்றார்.

"நிக்கிறேன்டா!"

மறுபடியும் கேட்டார். அதே பதில். தங்கப்பாண்டி அழ ஆரம்பித்தான். விடை கேட்க வேண்டியது சாமி. அதற்கோ அந்த ஒரு சொல்லை விட்டால் வேறு வாய் இல்லை. எல்லோரும் அதை நினைத்துத்தான் திகைத்து நின்றார்கள் என்று நினைக்கிறேன்.

முருகம்மாள் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்தாள். கும்பிடவில்லை.

"நின்னது போதும் சாமி. ஒரு வருசமா நின்னுட்டீக. எங்களுக்குச் சந்தோசம். போயிட்டு வாங்க."

அவர் அவளைப் பார்த்தார். செயலற்ற அந்த வலதுகை தலையணையிலிருந்து ஒரு சாண் எழும்பித் துள்ளி விழுந்தது. பக்கவாதக் கை சில நேரம் தானாகத் துள்ளும். ஆனால் நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தக் கை ஒருமுறைகூட அசைந்ததில்லை. தாடை தளர்ந்தது. ஓடிப்போய் நாடி பிடித்தேன். இருந்தது.

முடிச்சு சதைக்குள் புதைந்திருந்ததால் பூசாரியால் அவிழ்க்க முடியவில்லை. அவர் என் கத்தரிக்கோலைத் தொட்டுக் கும்பிட, நான் வெட்டினேன். ஈரத்தோடு பிய்ந்து வந்த கயிற்றை வெற்றிலையில் வைத்து மடித்துக்கொண்டு பூசாரியும் தங்கப்பாண்டியும் ஊருக்குப் பஸ் ஏறப் போனார்கள். நான் புண்ணைக் கழுவி மருந்து வைத்தேன். பேயாண்டி சத்தம் காட்டவில்லை. வலித்திருக்கும், ஆனால் அந்தச் சொல் வரவில்லை. கண் திறந்துதான் இருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். எனக்குப் பின்னால் யாரும் நிற்கிற மாதிரியும் இல்லை.

சாயங்காலம் பூசாரி போன் செய்தார். பின்னால் உடுக்கும் குலவையும் கேட்டன.

"எறங்கிருச்சு மதினி! தங்கப்பாண்டி எல்லையில கால வச்சதுதான் தாமதம், எறங்கிருச்சு. அரிவாள்ல ஏறுன ஒடனே ஒங்களத்தான் கேட்டுச்சு. 'எம் முருகு எங்கடா, சாப்புட்டாளா?'ன்னு. ஊரே அழுதுருச்சு."

முருகம்மாள் போனைக் கீழே வைத்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"முருகுன்னு இவரு வீட்டுக்குள்ள மட்டுந்தாக்கா கூப்புடுவாரு. அதுவும் நாங்க ரெண்டு பேரு மட்டும் இருக்கையில."

"தங்கப்பாண்டி எப்பவாச்சும் கேட்டிருப்பான். இங்க வந்து தங்கி இருக்கானா?"

"வந்திருக்கான். படிக்கையில."

"அப்பக் கேட்டிருப்பான்."

தலையை ஆட்டினாள். அப்புறம் உள்ளறைப் பக்கம் பார்த்து, மெதுவாகக் கேட்டாள்.

"போனது யாருக்கா? கெடக்குறது யாரு?"

அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும் நேரம் தாண்டியிருந்தது, அதைச் சொன்னேன். இனி அவளே தொடலாம் என்றும் சொன்னேன். வந்தாள். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நின்றாள். ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் வைத்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன் பக்கம் இழுத்தாள்.

"கனமாத்தாக்கா இருக்காரு," என்றாள்.